முதலில் இருபது நிமிடம் கரையில் நில்லுங்கள்

கதிர்காமம், தட்டாஞ்சாவடி, சண்முகாபுரம் பக்கங்களிலிருந்து ஞாயிறுதோறும் சர்ஃபிங் போர்டோடு கடலுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு,



போன ஞாயிறு காலை எட்டரை மணி இருக்கும். மருத்துவக் கல்லூரி எதிரே சாலையைக் கடக்க நின்றபோது உங்களைப் பார்த்தேன். நான்கு ஸ்கூட்டர், ஏழு பேர், இரண்டு ஃபோம் போர்டு. கடைசி வண்டியில் உட்கார்ந்திருந்த பெண் போர்டைக் குறுக்கே அணைத்துப் பிடித்திருந்தாள். காற்று அதைத் திருப்பத் திருப்ப, சிரித்துக்கொண்டே இழுத்து இழுத்து நேராக்கினாள். எனக்கு மனசு நிறைந்துபோனது. எங்கள் தெருவிலிருந்து பெண் பிள்ளைகள் கடலுக்கு விளையாடப் போவதைப் பார்க்க நான் நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அன்று மாலையே உங்களில் ஒருவனின் அம்மா என்னைத் தெருமுனையில் நிறுத்தினார். பையனுக்குக் கல்லில் அடித்து முழங்காலுக்குக் கீழே ஏழு தையல். “இனிமே கடல் பக்கமே அனுப்ப மாட்டேன்க்கா” என்றார். அனுப்பாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அனுப்பு என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் இதை அவரிடம் அல்ல, உங்களிடம் பேச வேண்டும் என்று தோன்றியது.

போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் 41 வயதில் தந்திராயன்குப்பத்தில் அலைச்சறுக்கு கற்றுக்கொண்டவள். போர்டில் முதல்முறை எழுந்து நின்ற அந்த மூன்று நொடியை இன்றைக்கும் என் கால் மறக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் இறங்குவது, எந்த நாளில் இறங்குவது, யார் இறங்குவது என்பதை நீங்கள் முடிவு செய்கிற விதம் தவறு. அது என்னிடமும் இருந்த தவறுதான்.

நாம் பாண்டிச்சேரிக்காரர்கள், ஆகவே கடல் நமக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு நம் எல்லோருக்கும் உண்டு. கதிர்காமத்துக்கும் கடலுக்கும் நடுவே நாலைந்து கிலோமீட்டர் ஊர் இருக்கிறது. நாம் ஏரிப் பக்கத்து ஆட்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கடல் என்றால் இரண்டே இரண்டுதான்: சாயங்காலம் பீச் ரோட்டில் நடப்பது, மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்தில் சாமி தீர்த்தவாரிக்கு வரும்போது கணுக்கால் நனைப்பது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. குப்பத்துப் பிள்ளைக்கு நடை பழகும்போதே வந்துவிடுகிற அறிவு நமக்கு இல்லை. அதை ஒப்புக்கொண்டால்தான் கற்றுக்கொள்ளவே தொடங்க முடியும்.

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் சனிக்கிழமை இரவு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். “நாளைக்கு எந்த பீச்?” என்று ஒருவர் கேட்பார். போன வாரம் யாரோ போட்ட ரீல்ஸ் ஒன்று வரும். செரினிட்டி பீச் என்று முடிவாகும். அந்த நேரத்தில் கடல் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நல்ல கடற்கரை, கெட்ட கடற்கரை என்று தனியாக எதுவும் கிடையாது. ஜனவரியில் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே மணல், ஜூலையில் தேர்ந்தவருக்கு மட்டும் உரியது. நவம்பரில் யாருக்கும் உரியதல்ல.

நம் கரைக்கு வரும் நல்ல அலைகள் இங்கே பிறப்பவை அல்ல. ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தெற்கே, அண்டார்டிகாவைச் சுற்றிய கடலில் அடிக்கிற புயற்காற்று அவற்றைக் கிளப்பிவிடுகிறது. 15 நொடி இடைவெளியில் வரும் நெடிய அலைக்கூட்டம் ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நகரும். அங்கிருந்து புறப்பட்டு நம்மை வந்தடைய ஒரு வாரம் பிடிக்கும். வழியில் இலங்கை குறுக்கே நிற்கிறது. தெற்கிலிருந்து வருகிற அலையில் ஒரு பகுதியை அந்தத் தீவு மறைத்துவிட, அதன் கிழக்குப் பக்கமாகச் சுற்றி வருவது நமக்கு வந்து சேர்கிறது. நம் ஊரின் பெயரைக் கொண்ட முருகன் தலமான அந்தக் கதிர்காமம் இருப்பது அந்தத் தீவின் தென்கிழக்கில்தான். அந்தக் கதிர்காமத்துப் பக்கம் முழு பலத்தோடு முட்டுகிற அலையின் மிச்சத்தில்தான் இந்தக் கதிர்காமத்துப் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் சிலிர்க்கும்.

இந்தத் தெற்கு அலைகள் மே முதல் செப்டம்பர் வரை பலமாக வரும். அந்த மாதங்களில் காலையில் மேற்கிலிருந்து வீசுகிற கரைக்காற்று அலையின் முகத்தைத் துணி மடித்ததுபோலச் சீராக்கிவிடும். பதினோரு மணி வாக்கில் கடற்காற்று ஏறியதும் எல்லாம் கலைந்து குழம்பிவிடும். அனுபவசாலிகள் ஐந்தரைக்கே தண்ணீரில் இருப்பதற்குக் காரணம் இதுதான். நீங்கள் எட்டரைக்குக் கிளம்பினால் நல்ல நேரம் முடிகிற வேளையில் போய் நிற்கிறீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றும் புயல்களும் கடலைக் கையில் எடுத்துக்கொள்ளும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது நம் தெருக்களில் தண்ணீர் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தண்ணீரும், அதோடு வாய்க்கால்களில் கிடந்த அத்தனையும் கடைசியில் போய்ச் சேர்ந்தது கடலில். பெருமழைக்குப் பிறகு சில நாள் கடலில் இறங்கக் கூடாது என்று நான் சொல்வது அலைக்காக மட்டுமல்ல. ஜனவரி முதல் மார்ச் வரை சிறிய, தெளிவான அலைகள். கற்றுக்கொள்ள அதுதான் காலம். அதையும் முழுசாக நம்பிவிட வேண்டாம். 1962இல் கட்டிய நம் பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது 2022 மார்ச் தொடக்கத்தில்தான். வங்கக் கடலில் வழக்கத்துக்கு மாறாக அப்போது ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருந்தது. காலண்டர் பாதி சொல்லும். மீதியை அன்றைய காலையில் கரையில் நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது கற்களைப் பற்றிச் சொல்கிறேன். நம் கடற்கரையில் அலை எங்கே, எப்படி உடைகிறது என்பதைத் தீர்மானிப்பது இன்றைக்குப் பெரும்பாலும் கற்கள்தான்.

இந்தக் கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. தெற்கு அலைகள் கரையைச் சாய்வாக அடிப்பதால் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நடந்துகொண்டே இருக்கும். வாடைக்காலத்தில் கொஞ்சம் திரும்பி நடக்கும். மொத்தக் கணக்கில் வடக்குதான் ஜெயிக்கும். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். நடந்துவந்த மணல் அங்கேயே நின்றுவிட்டது. தெற்கே கரை அகன்றது. வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்துபோய், கருங்கல் கொட்டிய சுவர்தான் மிஞ்சியது. அரிப்பு அப்படியே வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி என்று வீடுகளைத் தின்னத் தொடங்கியதும், அங்கே கடலுக்குள் நீட்டிக் கல்லால் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். நகரத்தில் தலைமைச் செயலகம் அருகே தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தண்ணீருக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு அங்கே கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. அந்த மணலைப் பார்த்து அங்கே போர்டோடு இறங்கலாம் என்று நினைக்காதீர்கள். அடியில் இரும்புக் கட்டுமானம், பக்கத்தில் கருங்கல், கரையில் ஆயிரம் பேர்.

நீங்கள் போகிற செரினிட்டி, இந்தத் தூண்டில் வளைவுகளுக்கு நடுவே இருக்கிற மணல் வளைவு. கற்கள் மணலைப் பிடித்துவைப்பதால் அங்கே திட்டு உருவாகி அலை அழகாக உடைகிறது. ஆரோவில்லில் வளர்ந்த சகோதரர்கள் தொடங்கிய கல்லியாலாய் சர்ஃப் பள்ளி அந்தக் கரையில் எத்தனையோ பேரை எழுந்து நிற்க வைத்திருக்கிறது. அலையைத் தருகிற அதே கல்தான் ஆபத்தையும் தருகிறது. அதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஜூலை ஞாயிறு. என் அக்கா மகனுக்கு அப்போது பதினேழு வயது. நீச்சல் குளத்தில் இருபது சுற்று அடிப்பான். நான் இரண்டு வருஷம் பழகியிருந்தேன், போதும் என்று நினைத்தேன். இடத்தை முதல் நாள் இரவே தீர்மானித்திருந்தேன், காரணம் வண்டி நிறுத்த வசதி. போய்ப் பார்த்தால் நடுவில் அலை மார்பளவுக்குப் புரண்டு விழுந்துகொண்டிருந்தது. வடக்கு ஓரத்தில், தூண்டில் வளைவை ஒட்டி, பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்கு அலையே இல்லாமல் தண்ணீர் அமைதியாகக் கிடந்தது. லேசாகக் கலங்கி, மேலே நுரைத் துணுக்குகள் மிதந்தன. “இங்க எறங்குடா, இதான் சாது” என்று சொன்னது நான்தான்.

அவன் இடுப்பளவுக்குப் போனான். போர்டில் படுத்தான். அடுத்த முறை நான் நிமிர்ந்து பார்த்தபோது தூண்டில் வளைவின் பாதி நீளம் தாண்டியிருந்தான். அவன் கை வீசி நீந்துவது கரையை நோக்கி, உடம்பு போவது கடலை நோக்கி. கல்லில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து கத்தினார்: “போர்டை விடாத! கல்லாண்ட வராத! சும்மா படு, போவட்டும்!” அந்தக் குரல்தான் அவனைக் காப்பாற்றியது. அவன் நீந்துவதை நிறுத்திப் போர்டைக் கட்டிக்கொண்டான். கல்முனை தாண்டியதும் இழுவை தளர்ந்தது. கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஃபைபர் படகு அவனை ஏற்றிக்கொண்டது. மொத்தமும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன், கால் நிற்கவில்லை.

அந்தப் பெரியவர் வந்து திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கையை நீட்டிக் காட்டினார். “அல ஒடையாத எடம் தாம்மா தண்ணி வெளிய போற எடம். வந்த தண்ணி திரும்பிப் போவணுமில்ல? அதுக்கு வாசப்படி அது. நாங்க போட்ட எறக்கறதே அது வழியாத்தான்.”

இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. தெற்கு அலை கரையோரமாகத் தண்ணீரை வடக்கே தள்ளுகிறது. கல் வந்து மறித்ததும் அந்தத் தண்ணீர் கல்லை ஒட்டியே கடலுக்குள் திரும்புகிறது. அதனால் தெற்கு அலைக் காலத்தில் தூண்டில் வளைவின் தெற்கு ஓரம் ஒரு வாய்க்கால். வடக்குப் பக்கமும் நம்பத்தக்கதல்ல, அலை மறைவில் அங்கேயும் ஒரு சுழற்சி உண்டு. கட்டுமரம் ஓட்டிய தலைமுறையிலிருந்து மீனவர்கள் அந்த வாய்க்காலைத்தான் உள்ளே போகப் பயன்படுத்துகிறார்கள். தேர்ந்த சறுக்காளர்களும் கை வலிக்காமல் அலைக்குப் பின்னால் போய்ச் சேர அதையே பிடிப்பார்கள். அவர்களுக்கு வழியாக இருக்கிற தண்ணீர்தான் புதியவனுக்குப் பொறி. இரண்டும் ஒரே தண்ணீர்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. வண்டியை நிறுத்தியதும் போர்டை இறக்காதீர்கள். இருபது நிமிடம் கரையில் நில்லுங்கள். ஐந்து நிமிடம் பார்த்தால் கடல் பொய் சொல்லும், ஏனென்றால் பெரிய அலைகள் கூட்டமாக வந்துவிட்டுப் பிறகு நெடுநேரம் ஓய்ந்திருக்கும். நீங்கள் வந்து நின்றது அந்த ஓய்வில் என்றால் சின்ன அலை என்று ஏமாந்துபோவீர்கள். இரண்டு மூன்று கூட்டம் வந்துபோகும்வரை எண்ணுங்கள். கூட்டத்தின் பெரிய அலை, உள்ளே நிற்கிற ஆளின் உடம்பில் எதுவரை வருகிறது என்று பாருங்கள். பிறகு ஒரு கொட்டாங்குச்சியை இடுப்பளவுத் தண்ணீருக்குள் வீசுங்கள். அது எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கரையிலேயே கூட நடந்து பாருங்கள். சாதாரண நடைக்கு அது ஈடுகொடுத்தால் அன்று புதியவர்கள் இறங்க வேண்டாம். கல்லை நோக்கிப் போனால் இடத்தை மாற்றுங்கள். கல்லுக்கு அருகே போய் நின்று அப்படியே வெளியே நழுவினால், வாய்க்கால் எங்கே என்று தெரிந்துவிட்டது.

இழுவையில் அகப்பட்டுவிட்டால் அந்தப் பெரியவர் சொன்னதைவிட நல்ல புத்தி கிடையாது. போர்டு உங்கள் தெப்பம், விடக் கூடாது. நேராகக் கரையை நோக்கி நீந்திக் களைத்துப்போகக் கூடாது. கையை உயர்த்துங்கள். கல்லுக்கு எதிர்ப்பக்கமாக, நுரை உடைகிற இடத்தை நோக்கிச் சாய்வாக வாருங்கள். முடியவில்லை என்றால் மிதந்துகொண்டிருங்கள், இழுவை கொஞ்ச தூரத்தில் ஓய்ந்துவிடும்.

“லெவல்” என்ற சொல்லை நீங்கள் அடிக்கடி சொல்கிறீர்கள். நான் இன்டர்மீடியட் என்று ஒரு தம்பி சொன்னான். எழுந்து நிற்க முடிவது லெவல் அல்ல. லீஷ் கயிறு அறுந்து போர்டு போய்விட்டால் அங்கிருந்து கரைக்கு நீந்தி வர முடியுமா? முடியாது என்றால் இடுப்பளவுத் தண்ணீர்தான் உங்கள் எல்லை, நுரைதான் உங்கள் அலை. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, உடைந்து வெள்ளையாக வருகிற நுரையில்தான் எல்லோரும் தொடங்குகிறோம். உடையாத பச்சை அலை எங்கே உடையப்போகிறது என்று அது உடைவதற்கு முன்பே சொல்ல முடியுமா? பக்கத்தில் ஒரு குழந்தை வந்துவிட்டால் போர்டைத் திருப்ப முடியுமா? விழும்போது தலையைக் கையால் மூடித் தட்டையாக விழப் பழகியாயிற்றா? தலைகுப்புறப் பாய்கிறவனுக்கு மணல் திட்டும் கல்தான், கழுத்து எலும்புக்கு வித்தியாசம் தெரியாது. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஆம் என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் ஜூன், ஜூலை அலை.

இன்னொன்று, ஏழு பேர் போனால் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியது ஏழாவது ஆளின் திறமையை வைத்து. உங்களில் நன்றாகச் சறுக்குகிறவனுக்கு அன்று கொஞ்சம் சப்பென்று இருக்கும். இருக்கட்டும். அவன் தனியாக இன்னொரு நாள், தன் அளவுக்குத் தேர்ந்த இருவரோடு போகட்டும்.

தெற்குப் பக்கம் போகலாமா என்று கேட்பீர்கள். வீராம்பட்டினத்தில் மணல் அகலம், ஆனால் காலையில் அது படகுத்துறை, உங்களுக்கு அங்கே வேலை இல்லை. சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது, குளிக்கிறவர்களுக்கான இடம், குழந்தைகளுக்கு நடுவே போர்டை ஓட்டுவது சரியல்ல. சுண்ணாம்பாறு கடலில் சேரும் முகத்துவாரத்தின் அருகே எந்தக் காலத்திலும் வேண்டாம். ஆற்று நீரும் கடல் நீரும் மாறி மாறி இழுக்கிற இடத்தில் மணல் திட்டு வாரத்துக்கு வாரம் இடம் மாறும்.

வடக்கே தூரமாகப் போக ஆசை என்றால், அதற்கும் வரிசை உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம் உங்களுக்குத் தெரியும். மீனவரான மூர்த்தி மேகவன் தானாகவே கற்று, பிறகு 2012 வாக்கில் குப்பத்துப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கிய ஊர். அங்கே கடலுக்குள் பாறை நீண்டிருக்கிற முனையில் உடையும் அலை தேர்ந்தவருக்கு, பக்கத்து மணற்கரை புதியவருக்கு. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலை ஒட்டி உடையும் நீண்ட அலை நாட்டிலேயே பேர்பெற்றது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில்தான் நடந்தது, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். தண்ணீருக்கடியில் அங்கே பாறை. அங்கே எடுத்த ரீல்ஸைப் பார்த்துவிட்டு ஃபோம் போர்டோடு போய் நிற்காதீர்கள். பார்ப்பதற்காகப் போங்கள், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கத் தகுந்த அலை அது.

இந்தத் தேர்வை ஊரே சேர்ந்து செய்கிற இடம் ஒன்று உண்டென்றால் அது இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம் குடா. பொத்துவிலை அடுத்த அந்தச் சின்ன ஊரில் அலை உடைகிற ஒவ்வொரு முனைக்கும் தனிப் பெயர் இருக்கிறது. மெயின் பாயின்ட் தேர்ந்தவர்களுக்கு. அதற்குப் பக்கத்திலேயே உள்வாங்கி இருப்பது பேபி பாயின்ட், பெயரே யாருக்கு என்று சொல்லிவிடுகிறது. கொஞ்சம் வடக்கே விஸ்கி பாயின்ட், தெற்கே பீனட் ஃபார்ம். இன்னும் தெற்கே போனால் உகந்தை. யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகிற அடியார்கள் காட்டுக்குள் இறங்குவதற்கு முன் கும்பிடுகிற உகந்தை முருகன் கோயில் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பாதயாத்திரைக் காலமும் அலைக் காலமும் ஒன்று. ஒரே கரையில் ஒரு பக்கம் வேல் ஏந்தியவர்கள், மறுபக்கம் பலகை ஏந்தியவர்கள். நம் கரையிலும் இடத்துக்கு இடம் யாருக்கு உகந்தது என்று பெயரிட்டுச் சொல்லும் வழக்கம் வர வேண்டும் என்பது என் ஆசை. அதை நீங்களே தொடங்கலாம்.

போனில் பார்க்கிற எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், இன்காய்ஸ் என்பார்கள், கடலின் நிலையை முன்கூட்டியே வெளியிடுகிறது. அதில் அலை உயரம் 1 மீட்டர் என்றிருந்தால் எல்லா அலையும் ஒரு மீட்டர் என்று பொருளல்ல. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரிதான் அது. அதைவிட ஏறக்குறைய இரு மடங்கு உயரத்தில் ஒன்றிரண்டு வரத்தான் செய்யும். உயரம் இரண்டு மடங்கானால் அலையின் ஆற்றல் நான்கு மடங்கு. உயரத்தோடு இடைவெளியையும் பாருங்கள். 6 நொடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய சில்லறை அலை. 14, 15 நொடி என்றால் தூரத்திலிருந்து வருகிற நெடிய அலை. உயரம் குறைவாகத் தெரிந்தாலும் கரையில் வந்து எழும்பும்போது அதன் பலமே வேறு.

வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும்போது இந்த நெடிய அலை கரையேறுவதைத்தான் கேரள மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். திருடனைப்போல் வருவதால் அந்தப் பெயர். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது அமலில் இருந்தது. நண்பர்களோடு கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள். நம் தெருவழியே வெள்ளை கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு நடக்கிற மருத்துவ மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஐவரின் நினைவு வரும். உங்கள் குழுவிலும் இருவர் அந்தக் கல்லூரியில் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமை இரவு ரீல்ஸ் போடுவதற்குப் பதிலாக அவர்களில் ஒருவர் இன்காய்ஸ் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துப் போடட்டும். இருந்தால் அந்த வாரம் கடல் இல்லை.

மீனவர்களிடம் கேளுங்கள். வெறும் மரியாதைக்காகச் சொல்லவில்லை. “அண்ணே, இன்னைக்குத் தண்ணி எந்தப் பக்கம் இழுக்குது? வலையில சொறி ஏறுதா?” என்று கேட்டால் எந்தப் போனும் சொல்லாததைச் சொல்வார்கள். சொறி என்கிற ஜெல்லிமீன் கூட்டமாக வருகிற நாளில் இறங்கினால் உடம்பெல்லாம் தடிப்பு ஏறும். அவர்கள் படகு கரைக்கு வருவதும் நீங்கள் போய்ச் சேருவதும் ஏறக்குறைய ஒரே நேரம். எஞ்சின் சத்தம் கேட்டதும் விலகி வழிவிடுங்கள். உங்களுக்கு அது விளையாட்டு, அவர்களுக்கு அன்றைய சோறு. நமக்கு ஏதாவது நேர்ந்தால் முதலில் தண்ணீரில் குதிக்கப்போவதும் அவர்கள்தான்.

போர்டை அணைத்துப் பிடித்துக்கொண்டு போன அந்தத் தங்கைக்குத் தனியாக ஒரு வார்த்தை. உன்னை யாராவது முந்தச் சொல்லி உசுப்பினால் உன் கண்ணை நம்பு. நான் கரையில் பார்த்தவரை, இன்றைக்கு வேண்டாம் என்று முதலில் தோன்றுவது பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கு. சத்தமாகச் சொல்லத்தான் தயங்குகிறார்கள். சத்தமாகச் சொல்லு. மாமல்லபுரத்து அலைச்சறுக்கு வீராங்கனை கமலி சின்ன வயதிலேயே அலையில் நின்றவள். உனக்கும் காலம் இருக்கிறது, ஒரு ஞாயிறு போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

வருகிற ஞாயிறு காலை ஐந்தே காலுக்குக் கல்லூரி எதிரே இருக்கிற டீக்கடையில் இருப்பேன். ராஜீவ் காந்தி சிலை தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் விடிவதற்குள் தந்திராயன்குப்பம் போய்விடலாம். இரண்டு கொட்டாங்குச்சி நான் எடுத்து வருகிறேன். தையல் போட்ட தம்பியும் வரட்டும். அவன் தண்ணீரில் இறங்கப் போவதில்லை, கரையில் உட்கார்ந்து அலைக்கூட்டத்தை எண்ணி எங்களுக்குச் சொல்லப்போகிறான். அவன் அம்மாவிடம் பேசிவிட்டேன். அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
கதிர்காமத்திலிருந்து
உங்கள் அக்கா